அவள் என்னுடையவள் அல்ல

தென்கலை வைணவக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு மார்ஜார நியாயத்தைத் தனியே சொல்லித்தர வேண்டாம். பூனை குட்டியைக் கவ்விப் போகிறது; குட்டி ஒன்றும் செய்வதில்லை. பகவானும் அப்படித்தான் நம்மைக் கொண்டுபோவான். வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள்: தாய் தாவும்போது குட்டிதான் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆழ்வார்திருநகரியிலிருந்து மட்டாஞ்சேரி மிளகுக் கடைக்குக் கணக்கெழுத வந்த என் தாத்தா இந்த வழக்கை மணிக்கணக்கில் பேசுவார். அவருக்கு அது மோட்சத்தைப் பற்றிய கேள்வி. இன்று கும்பளங்கியில் எனக்கு அது என் அண்ணன் மகளைப் பற்றிய கேள்வி.

அவளுக்குப் பதினேழு வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. பிளஸ் டூ முடித்து ஸ்காட்லாந்தில் மொழியியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும்தான் என்பதால் பணத்துக்கு வேறு வழி தேடுகிறோம். படிப்பில் குறையே இல்லை. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பு மென்பொருள் படித்துக்காட்டும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. அவள் பக்கம் பக்கமாகக் கேட்டு முடிப்பாள்.

எங்கள் சொந்தத்தில் சிலர் அவளுக்குப் பார்வை இல்லாததை முன்வினை என்பார்கள். கூரத்தாழ்வானை அவர்கள் மறந்துவிட்டார்கள். கண்ணிழந்த தன் சீடர் ஆழ்வானிடம், காஞ்சி வரதரைப் பாடிக் கண்ணைக் கேள் என்றார் ராமாநுஜர். அவரோ தன் கண் போகக் காரணமான நாலூரானுக்கும் மோட்சம் வேண்டும் என்று கேட்டதாகக் குருபரம்பரை சொல்கிறது. பக்கத்து வீட்டுச் சேச்சி யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தைச் சொல்வாள். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் இது என்று சீடர்கள் கேட்கிறார்கள். அவனுடையதும் அல்ல, பெற்றவர்களுடையதும் அல்ல என்கிறார் இயேசு. இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நேரம் கொடுக்க எனக்கு மனமில்லை.

பார்வையற்ற எழுத்தாளர் வேத் மேத்தாவைப் பற்றி அவள்தான் எனக்குச் சொன்னாள். 1934இல் லாகூரில் பிறந்தவர். நான்கு வயது நிறையும் முன்பே மூளைக்காய்ச்சலில் பார்வை போனது. தாய், கண் திரும்பும் என்று வைத்தியம் தேடி அலைந்தார். மருத்துவரான தகப்பனார், ஐந்து வயதுகூட நிறையாத பிள்ளையைப் பம்பாய் தாதரில் இருந்த பார்வையற்றோர் பள்ளிக்கு ரயிலேற்றினார். 1949இல் பதினைந்து வயதில் அந்தப் பையன் தனியே அமெரிக்காவுக்குப் பறந்து, அர்கன்சா பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். பிறகு பொமோனா, ஆக்ஸ்ஃபர்ட், ஹார்வர்ட். அத்தனை சிறு பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பியதை என்னால் முழுமனதாக மெச்ச முடியவில்லை. ஆனால் அந்தத் தகப்பனார் பிள்ளையைத் தன் பயத்துக்குள் பூட்டி வைக்கவில்லை.

நானும் பயந்தவள்தான். என் பயத்துக்குப் பூனைக்குட்டி நல்ல சாக்கு. அந்தச் சாக்கைப் பறித்தது எங்கள் சம்பிரதாயமேதான். பிள்ளை லோகாசாரியரின் முமுட்சுப்படியில் ஒரு கண்டிப்பு உண்டு: ஆத்மா எம்பெருமானுக்கே உரியது, வேறு எவருக்கும் உரியது அல்ல. அனன்யார்ஹ சேஷத்துவம் என்பார்கள். அவளைக் கவ்விப் போகும் உரிமை அவனுக்கு உண்டு. அத்தைக்கு யார் கொடுத்தது? சரி, நான் அவளுக்குச் செய்வது கைங்கரியம் என்றால், கைங்கரியத்தில் பார்க்க வேண்டியது எஜமானின் உகப்பு. அவளுடைய உகப்போ புறப்படுவதில் இருக்கிறது.

அதனால் இப்போது தினமும் சாயங்காலம் நடைப்பயிற்சி. வலது கால் முன்னே போகும்போது வெள்ளைக்கோலின் நுனி இடப்பக்கம் தட்ட வேண்டும். இடது கால் போகும்போது வலப்பக்கம். அடுத்த அடி விழப்போகிற இடத்தைக் கோல் முன்னாலேயே தொட்டுவிடும். தார் ரோட்டில் கணீரென்று கேட்கும். பொக்காளி வயல் வரப்பில் மந்தமாக அமுங்கும். விளிம்பு வந்தால் நுனி சட்டென்று கீழிறங்கும், அவள் நின்றுவிடுவாள். மழைக்காலத்தில் நெல்லும் பிறகு இறாலுமாக இருக்கும் அந்த வயல்களின் நடுவே பத்தடி பின்னால் வாயைத் திறக்காமல் நடப்பதுதான் என் வேலை. அதுபோலக் கஷ்டமான கைங்கரியம் நான் செய்ததில்லை.

தோப்பும்படி பஸ்ஸில் தனியே போய் வருகிறாள். ரிசர்வ் வங்கியின் மணி செயலியில் காட்டி நோட்டைத் தெரிந்துகொள்கிறாள். டீ ஊற்றும்போது விரலைக் கோப்பை விளிம்புக்குள் வைத்துச் சூடு தொட்டதும் நிறுத்துகிறாள். வழி தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்கிறாள். ஸ்காட்லாந்திலும் கேட்பாள், அதில் குறைவொன்றும் இல்லை. எங்கே போவது என்பதை அவள் முடிவு செய்கிறாள்.

உங்கள் வீட்டிலும் பார்வையில்லாத பிள்ளை இருந்தால் விசா வரும் வரை காத்திருக்காதீர்கள். பள்ளிக்குப் போகும் வயதிலேயே கோலைக் கையில் கொடுங்கள். பிரெய்லுக்கு ஒதுக்குகிற நேரத்தை நடைப்பயிற்சிக்கும் ஒதுக்கச் சொல்லிப் பள்ளியில் போய்க் கேளுங்கள்.