ஓடாத டயருக்கும் வயசாகும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அரக்கோணம்... மூன்று ஊரிலும் பெரிய டயர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. மூன்றுமே சென்னையிலிருந்து காவேரிப்பாக்கம் போகிற நெடுஞ்சாலையை ஒட்டியோ, சற்றுத் தள்ளியோ இருப்பவை. ஆனால், இதே ரோட்டில் ஒரு பழைய அம்பாசடருக்கு 5.90-15 அளவில் டயர் வேண்டுமென்றால், கடை கடையாக ஏறி இறங்கணும். (5.90 அங்குலம் டயரின் அகலம், 15 அங்குலம் ரிம்மின் குறுக்களவு.) 1930-களின் ஆஸ்டின் என்றால் கேட்கவே வேண்டாம்!

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வோர் அளவுக்கும் தனி அச்சு வேண்டும். அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுபோனது. நாலு பேர் வாங்குகிற சரக்குக்காக எந்த முதலாளி மெஷினை ஓட்டுவார்?

அப்போதுதான் ஒரு கடைக்காரர் மெதுவாகச் சொல்வார்... ‘‘பழைய ஸ்டாக் ஒரு செட் இருக்கு சார். ஒரு கிலோமீட்டர்கூட ஓடலை. அச்சு அசல் கம்பெனி அளவு!’’

உங்கள் முகம் மலரும். கொஞ்சம் பொறுங்கள்.

விற்காத சரக்குக்குத் தேய்மானம் போடுவதில்லை என்பது பி.காம். பாடம். ரப்பர் பி.காம். படிக்கவில்லை. குடோனில் சும்மா கிடந்தாலும் காற்றும் வெப்பமும் அதை இறுக வைத்து, உள்ளுக்குள் வெடிக்க வைக்கும். வருஷக்கணக்கில் அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவை ஒருநாள் ஆசையாகப் போட்டதும், அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிருமே, பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் தயாரிப்புத் தேதி நாலு இலக்கத்தில் இருக்கும். 1208 என்றால், 2008-ம் வருஷத்தின் 12-வது வாரம். பத்து வருஷம் தாண்டினால், பார்க்கப் புதுசாக இருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறது மிஷலின் கம்பெனி.

‘‘வேற அளவு போட்டா, அது எங்க தாத்தா ஓட்டின வண்டியா இருக்குமா?’’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பழசை அப்படியே காப்பாற்ற நினைப்பது நல்ல குணம்.

ஆனால், தாத்தா என்ன செய்தார்? கம்பெனி கொடுத்த டயர் தேய்ந்ததும் கழற்றிப் போட்டுவிட்டுக் கடையில் புதுசு வாங்கினார். ஒரு தடவை அல்ல, பல தடவை. ‘ஒரிஜினல்’ டயர் அவர் காலத்திலேயே போய்விட்டது. பின்சீட்டில் இருந்த குடும்பத்தைப் பத்திரமாக வீடு சேர்ப்பதுதான் அவர் விடாமல் காப்பாற்றிய ஒரிஜினல்.

காவேரிப்பாக்கத்தில் இறங்கி, பல்லவர் காலத்து ஏரியைப் பாருங்கள். கரை பழசு. தண்ணீர் அந்தந்த வருஷத்தது. பழைய தண்ணீர்தான் வேண்டும் என்று எந்த விவசாயியும் அடம்பிடிப்பதில்லை.

அமெரிக்காவில் சட்டனூகா என்ற ஊரில் கோக்கர் என்றொரு கம்பெனி இதைத்தான் செய்கிறது. பழைய அச்சு, புது ரப்பர். விலையும் கப்பல் கூலியும் கையைக் கடித்தால், வட்ட அளவு ஏறக்குறைய ஒத்துப்போகிற ரேடியல் டயரை, ரிம்முக்குப் பொருந்துகிறதா என்று மெக்கானிக்கைக் கேட்டு, நாலு சக்கரத்துக்கும் போடுங்கள். பழைய மாடல் ரெண்டு, ரேடியல் ரெண்டு என்று கலப்பது ஆபத்து. வட்டம் சிறுத்தால், ஸ்பீடாமீட்டர் நிஜ வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். அவ்வளவுதான்.

வண்டியைக் கண்காட்சியில் மட்டும் நிறுத்தப்போகிறீர்களா? எந்த டயரையும் மாட்டுங்கள், உங்கள் இஷ்டம். ரோட்டுக்குக் கொண்டுவந்தால், விஷயம் வேறு. வண்டி உங்களுடையது, ரோடு எல்லோருடையது. டயர் வெடித்து நீங்கள் தடுமாறும்போது, எதிரே டூவீலரில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருகிறவருக்கு உங்கள் தாத்தா யாரென்றே தெரியாது. உங்கள் பாசத்துக்கு அவர் ஏன் விலை கொடுக்கணும்?

அடுத்த தடவை யாராவது ‘ஓடாத டயர்’ என்று நீட்டினால், அளவைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். பர்ஸை எடுப்பதற்கு முன்னால், அந்த நாலு இலக்கத்தையும் பார்த்துவிடுங்கள்!