ஒரே அலகு

திருவனந்தபுரத்து வீட்டு வளவுகளில் காகத்தைத் திட்டாதவர் இல்லை. அதன் பங்காளியான வால்காக்கை மட்டும் எப்படியோ தப்பிவிடுகிறது. மலையாளிகள் அதை ஓலேஞ்ஞாலி என்பார்கள். செம்பழுப்பு உடம்பு, சாம்பலும் கறுப்புமாய் நீண்ட வால். தென்னை ஓலையில் தொங்கியபடி ஒருமுறை கரகரக்கும், மறுமுறை மணிபோலக் கூவும். நாம் அண்ணாந்து ரசித்து முடிப்பதற்குள் பப்பாளியில் பாதி போயிருக்கும்.

பப்பாளி போனால் போகட்டும். வாசல் செடிக்குள் சின்னான் கட்டிய கூட்டிலிருந்து முட்டையையும் கண் திறக்காத குஞ்சையும் கொத்திக்கொண்டு போகும்போதுதான் மனசு பொறுப்பதில்லை. கை கல்லைத் தேடுகிறது.

தென்னைக்காரர்களிடம் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்கள். அவர்களுடைய எமன் சிவப்புக் கூன்வண்டு. அதன் புழு மரத்துக்குள்ளேயே இருந்து தின்னும். வெளியே அடையாளம் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அந்த வண்டைப் பிடித்துத் தின்னும் பறவை என்று வால்காக்கையை 2002-இல் வெளியான ஓர் ஆய்வுக் குறிப்பு பதிவு செய்திருக்கிறது. முட்டைக்கு ஒரு அலகு, வண்டுக்கு ஒரு அலகு என்று அது வைத்துக்கொள்ளவில்லை. ஓலை இடுக்கிலும் கூட்டிலும் ஒரே ஆர்வத்தோடு துழாவுகிறது. அதன் ஒரு பசியைத் திருட்டென்றும் உதவியென்றும் இரண்டாக வெட்டியது நாம்தான்.

காகத்தின் கதையும் இதுவே. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை எலியோடு சேர்த்துத் தொல்லை உயிர்களின் அட்டவணையில் போட்டது. 2022-இல் வந்த திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளிலும் கர்க்கடக வாவு எனும் அமாவாசையன்று சங்குமுகம் கடற்கரையில் பலிச்சோறு வைத்து, ஈரக்கையைத் தட்டி அதே காகத்தை அழைத்துக்கொண்டுதான் இருந்தோம். சட்டத்தில் தொல்லை, வாவன்று பித்ரு. காகம் என்னவோ இரண்டு இடத்திலும் சோறு தேடித்தான் வந்தது.

இப்படிச் சொன்னால் குஞ்சைப் பறிகொடுத்த சின்னானுக்கு ஆறுதலாகாது. அது கத்தத்தான் செய்யும், கத்த அதற்கு உரிமையும் உண்டு. ஆனால் அந்தச் சின்னானும் மிளகாய்ப் பழத்தைத் தின்கிற பறவைதான், அதன் குஞ்சும் ஏதோ ஒரு புழுவைத் தின்று வளர்வதுதான். தோட்டத்துக்குள் பாவம் செய்யாத வாய் ஒன்றைத் தேடினால் கிடைக்காது, நம்முடையதையும் சேர்த்து.

பழத்தைக் காக்க வலைத்துணி போதும். கூட்டைக் காக்க வேண்டுமானால் அடிக்கடி எட்டிப்பார்க்காமல், கைப்பேசியில் படம் எடுக்காமல் இருந்தால் நல்லது. நாம் எங்கே குனிகிறோம் என்பதைக் காக்கை இனம் மேலே உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கும்.