அதிராத இடங்கள்

ராமாபுரம், மைசூரு

வீணைத் தந்தியைப் பன்னிரண்டாம் மெட்டுக்கு நேரே விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மேல் ஸ்தாயி எழும். தந்தி இரண்டு பாதியாகத் துடிக்கிறது. விரலுக்குக் கீழுள்ள புள்ளி மட்டும் அசைவதில்லை. அதுதான் கணு. அங்கே அதிர்வை அளக்கும் சென்சார் ஒட்டினால் அந்தத் துடிப்பு அதற்குக் கேட்கவே கேட்காது.

இரு முனையும் தாங்கி நிற்கும் பாலத்து உத்திரமும் இப்படித்தான். முதல் வகை அதிர்வில் மொத்தமும் ஒரே வளைவாக ஆடும். இரண்டாம் வகையில் ஒரு பாதி ஏற மறு பாதி இறங்கும், நடுவில் கணு. நடுவில்தான் ஆட்டம் அதிகம் என்று ஒரே சென்சாரை அங்கே வைத்தவருக்கு இரண்டாம் வகை முழுக்கப் போயிற்று.

*

விரிசல் விழுந்தால் விறைப்பு குறையும், இயல்பு அதிர்வெண் தாழும். இதை ஒரு சென்சாரே சொல்லிவிடும். எங்கே விரிசல் என்பதைச் சொல்லாது. சீரான உத்திரத்தில் இடப்பக்கக் கால்பங்கில் விழுந்ததும் வலப்பக்கக் கால்பங்கில் விழுந்ததும் அதிர்வெண்ணை ஒரே அளவுக்குத்தான் தாழ்த்தும். பக்கம் தெரிய வேண்டுமானால் பல இடங்களில் ஒரே நேரத்தில் அளந்து, ஆடும் வடிவத்தையே பிடிக்க வேண்டும்.

தாழ்வதும் லேசில் தெரியாது. 1993இல் அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில், இடிக்கவிருந்த நெடுஞ்சாலைப் பாலமொன்றின் இரும்பு உத்திரத்தை நான்கு கட்டமாக அறுத்துப் பார்த்தார்கள். கடைசி அறுப்பு வரை அதிர்வெண் ஏறக்குறைய அப்படியே இருந்தது!

*

எந்தெந்த இடங்களில் அளப்பது என்பதற்கு 1991இல் பொறியாளர் டேனியல் காமர் ஒரு வழி சொன்னார். சென்சார் வைக்கக்கூடிய எல்லா இடங்களையும் எடுத்துக்கொண்டு, அதிர்வு வகைகளைப் பிரித்தறிய மிகக் குறைவாக உதவும் இடத்தை ஒவ்வொன்றாகக் கழிப்பது. அழகான கணக்கு. ஆனால் எங்கே அதிர்வு தெளிவாகத் தெரியும் என்பதே அதன் கேள்வி. எங்கே பழுது தொடங்கும் என்பதல்ல.

இரண்டும் ஒன்றில்லை. உப்புக்காற்று இரும்பை அதிகம் அரிப்பது மூட்டுகளிலும், முனைகளில் உள்ள தாங்கிகளிலும். வளைந்தாடும் உத்திரத்தில் முனைகளோ மிகக் குறைவாக அசைபவை.

*

பாம்பன் பழைய ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். கப்பலுக்கு வழிவிட, இரு பக்கமும் உயரும் ஷெர்சர் தூக்குப் பகுதி. நூறு வயதைக் கடந்த அந்தக் கிழப் பாலத்துக்குச் சென்னை ஐஐடி சென்சார்கள் பொருத்தியது. தூக்குப் பகுதியில் வழக்கத்துக்கு மாறான அதிர்வு என்று அவை எச்சரித்தபின், 2022 டிசம்பர் 23 முதல் ரயில் நின்றது. ஆடும் இடமும் அஞ்ச வேண்டிய இடமும் அங்கே ஒன்றாக அமைந்தன. எல்லாப் பாலத்திலும் அப்படி அமையாது.

ரயில்வேக்காரர்கள் ரிவெட்டைச் சோதிப்பதில் ஒரு பழைய முறை உண்டு. ரிவெட் தலையும் தகடும் சேருமிடத்தில் இடக்கை விரலை வைத்துக்கொண்டு மறுபக்கம் சுத்தியலால் தட்டுவார்கள். தளர்ந்திருந்தால் விரலுக்குத் தெரிந்துவிடும். வேலை மெதுவானது, ஆனால் கணு எங்கே விழுகிறது என்ற கவலை இதற்கு இல்லை.

பாலத்துக்குச் சென்சார் பொருத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சென்சார் வைத்த இடங்களைக் காட்டும் வரைபடத்தில், அவற்றுக்குக் கேட்காத இடங்களையும் குறித்துக் கொடுங்கள். சுத்தியலோடு ஆள் அங்கே போகட்டும்.