துன்பம் தகுதி ஆகுமா?

துன்பத்தை மிகுதியாகத் துய்த்தவன் அக்காரணத்தாலேயே மற்றவரினும் உயர்ந்தவன் ஆவானா? இப்பழைய வினாவை ஜப்பானியச் சித்திரக்கதை ஒன்று குத்துச்சண்டை மேடையில் ஏற்றி நம்முன் நிறுத்துகின்றது.

'அஷிதா நோ ஜோ' என்னும் அக்கதை 1968 முதல் 1973 வரை வார இதழொன்றில் தொடராக வெளிவந்தது. கதையை இக்கி கஜிவாரா புனைபெயரில் எழுத, தெத்சுயா சிபா சித்திரம் தீட்டினார். கதைத் தலைவன் ஜோ, அனாதை இல்லங்களில் வளர்ந்தவன். தோக்கியோவில் கூலித் தொழிலாளர் தங்கும் சான்யாப் பகுதியில், கண்ணீர்ப் பாலத்தின் கீழுள்ள குடிசையே அவனுடைய பயிற்சிக் கூடம்.

சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் ஜோவுக்கு எதிரியாக வாய்த்தவன் ரிக்கிஷி. பின்னர் ஜோவுடன் மோதுவதற்காகவே, தன்னிலும் மிகக் குறைந்த எடைப் பிரிவுக்கு இறங்க அவன் உறுதி பூண்டான். உண்ணாமலும் பருகாமலும் உடலை வற்றச் செய்தான். இரக்கமுற்ற ஒரு பெண் கொணர்ந்த வெந்நீரையும் நன்றி கூறித் தரையில் ஊற்றிவிட்டான். ஒடுங்கிய அக்கன்னங்களையும் குழிந்த கண்களையும் சிபாவின் தூரிகை காட்டும்போது நம் தொண்டையும் வறள்கின்றது. ரிக்கிஷி போட்டியில் வென்றான். வென்றவுடன் மேடையிலேயே சாய்ந்து மாண்டான். 1970 மார்ச் 24இல் வாசகர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு அக்கற்பனை மனிதனுக்கு உண்மையாகவே இறுதிச் சடங்கு நடத்தினர்.

பின்னர் ஜோவின் முன் வருகிறான் கொரிய வீரன் கிம். போரின்போது பசியால் வாடிய சிறுவனாகிய அவன், வீழ்ந்து கிடந்த போர்வீரன் ஒருவனை உணவுக்காகக் கல்லால் அடித்துக் கொன்றான். கொல்லப்பட்டவன் குடும்பத்துக்காக உணவு சுமந்து வந்த அவனுடைய சொந்தத் தந்தை! அன்றுமுதல் கிம்மின் வயிறு மிகுந்த உணவை ஏற்பதில்லை. எடை குறைக்க அல்லலுறும் ஜோவை அவன் இகழ்கின்றான்: உண்டு கொழுத்தோருக்குப் பசியைப் பற்றி என்ன தெரியும் என்பது அவன் கருத்து.

ஜோ முதலில் தளர்ந்தான். பின்னர் அவன் உள்ளத்தில் ஒரு தெளிவு பிறந்தது. கிம்மால் உண்ண இயலவில்லை. ரிக்கிஷியோ உண்ண இயன்றும் உண்ணவில்லை. ஒன்று நேர்ந்த துன்பம். மற்றொன்று ஏற்ற துன்பம். அத்தெளிவால் ஜோ வென்றான்.

கதை இங்கே சொல்வது உண்மை. ஆயினும் முழு உண்மையன்று. தானே ஏற்றதால் மட்டும் பசி அறமாகிவிடாது. ஒருவனை வெல்வதற்காக ஏற்ற நோன்பு ரிக்கிஷியின் உயிரைக் கொண்டது. உடலை வருத்திய சாக்கிய முனிவரோ, அவ்வழி பயனற்றதெனக் கண்டு சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றார். ஒருவன் மறுத்த கனிவை மற்றவர் ஏற்றார். வேற்றுமை அங்கே உள்ளது.

கிம்மையும் நாம் பழிக்க வேண்டுவதில்லை. அறியாமையிலும் பசியிலும் நிகழ்ந்த செயலின் புண் அவனை விட்டு நீங்கவில்லை. அவன் பிழை வேறு: தன் புண்ணையே அளவுகோலாக்கிப் பிறருடைய நோவைச் சிறிதென்று தள்ளினான்.

இழிவும் வறுமையும் சுமந்து வந்தவர்களுக்கு இச்சோதனை என்றும் உண்டு. பட்டதை மறக்க வேண்டுமென யாரும் கேட்கலாகாது. ஆனால் பட்ட துன்பம் பட்டயமன்று. அடுத்தவன் பசியை அவன் சொல்லாமலே உணர வைக்குமாயின், அப்போதுதான் அது வீண்போகவில்லை எனலாம்.