ஐம்பத்தைந்தாவது நகர்த்தல்

2024 டிசம்பர் 12. காலையிலிருந்து மழை. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் அசையாமல் நின்றிருந்தன. வேலை முடிந்து திரும்பியவர்கள் ஆறேழு பேர் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் தன் போனை பிஸ்கட் பாட்டில்மேல் சாய்த்து வைத்திருந்தார். சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் உலக சாம்பியன்ஷிப்பின் பதினான்காவது ஆட்டம். ஆளுக்கு 6.5 புள்ளி. இதுதான் கடைசி.

எங்களில் செஸ் தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து இரண்டு பேர்தான். மற்றவர்கள் பலகையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஏறி இறங்கும் கறுப்பு வெள்ளைப் பட்டையைப் பார்த்தார்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கணினி கணக்குப் போட்டுச் சொல்லும் பட்டை. "நம்ம பையன் கறுப்பு. கறுப்பு ஏறுனா நமக்கு நல்லது." இவ்வளவு தெரிந்தால் போதும்.

டிங்கிடம் ஒரு யானை, ஒரு மந்திரி, ஒரு சிப்பாய். குகேஷிடம் அதே யானை, மந்திரி, கூட ஒரு சிப்பாய். எல்லாச் சிப்பாய்களும் பலகையின் ஒரே பக்கம். இப்படி இருந்தால் பொறுமையாகக் காத்து டிரா செய்துவிடலாம். 55வது நகர்த்தலில் டிங் தன் யானையை குகேஷின் யானைக்கு எதிரே கொண்டுவந்து வைத்தார். மாற்றிக்கொள்ளலாம் வா என்கிற மாதிரி. அவருடைய மந்திரி தூர மூலையில், ஏ8 கட்டத்தில் நிற்பதை மறந்துவிட்டார். யானைகள் போனதும் அந்த மந்திரியையும் வலுக்கட்டாயமாக மாற்றிவிடலாம். பிறகு வெறும் ராஜாக்களும் சிப்பாய்களும்தான் மிஞ்சும். அங்கே ஒரு சிப்பாய் கூட இருப்பவன் ஜெயித்துவிடுவான்.

பட்டை சரேலென்று கறுப்பானது. கடை அலறியது. ஒருத்தர் என் முதுகில் ஓங்கி அறைந்தார். நான் மட்டும் கை தட்டவில்லை. குகேஷ் அதுவரை பதில் ஆட்டமே ஆடியிருக்கவில்லை. தப்பு நடந்திருக்கிறது என்பதை அவர் இன்னும் பார்க்கவே இல்லை. அப்படியென்றால் நாங்கள் எதற்குக் கை தட்டினோம்?

இதை அப்போதே கேட்டிருந்தால் உதைத்திருப்பார்கள். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நம்ம ஆள் செய்த ஒரு நல்ல காரியத்துக்கு அந்தச் சத்தம் எழவில்லை. எதிராளி இடறிய நொடியில் எழுந்தது. அந்தப் பட்டை இல்லாத காலத்தில் இப்படி நடந்திருக்காது. தப்பு என்று புரியவே நேரம் ஆகியிருக்கும். அதற்குள் குகேஷ் பதில் ஆடியிருப்பார், நாமும் அவர் ஆட்டத்துக்குத்தான் கை தட்டியிருப்போம்.

'செஸ்ஸே அப்படித்தானே' என்று ஒருவர் சொல்லலாம். நியாயம். இதில் சீட்டுக்கட்டு மாதிரி அதிர்ஷ்டம் கிடையாது. இரண்டு பேரும் சரியாகவே ஆடினால் டிராதான் வரும் என்பது பெரும்பாலானோர் நம்பிக்கை. ஒருத்தர் தப்பு செய்தால்தான் இன்னொருத்தர் ஜெயிக்க முடியும். எதிராளியின் தப்பில் சந்தோஷப்படக் கூடாது என்றால் செஸ்ஸில் எந்த வெற்றியிலும் சந்தோஷப்பட முடியாது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்குக் கை எழவில்லை. அதற்குக் காரணம் என் வீட்டில் இருக்கிறது.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் டபுள் ஷிஃப்ட்டின் கடைசி மணி நேரம். முள்ளை ஒரு சாண் உயரமாகத் தூக்கிவிட்டார். அடுக்கு சரிந்தது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் வேலை போனது. அவருக்கு வரவேண்டிய நிரந்தர இடம் கூட ஓட்டிய இன்னொருத்தருக்குப் போனது. அந்த வீட்டில் ஸ்வீட் வாங்கித் தெருவுக்கே கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. பதினாறு வருஷம் சரியாகச் செய்த வேலையை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒரு சாண்தான் நின்றது.

டிங் முகத்தைக் கையில் புதைத்தபோது எனக்கு அந்த ஒரு சாண்தான் தெரிந்தது. 2023இல் உலக சாம்பியன் ஆன பிறகு மனச்சோர்வில் விழுந்து, நீண்ட நாள் ஆடாமல் இருந்து, அதைப் பொதுவில் ஒளிக்காமல் சொன்ன மனுஷன். சிங்கப்பூரில் முதல் ஆட்டத்திலேயே ஜெயித்தார். பதினொன்றாவதில் தோற்று, அடுத்த ஆட்டத்திலேயே திருப்பிக் கொடுத்தார். இனி உலகத்துக்கு அவர் ஒரு யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தவர், அவ்வளவுதான்.

சரி, குகேஷ் எப்படி 'நம்ம' பையன்? சென்னைக்காரர், தமிழ் பேசுபவர். ஆனால் எங்கள் ஏரியா விளையாட்டு செஸ் கிடையாது. கேரம், பாக்ஸிங், ஃபுட்பால். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் சாயங்காலம் கேரம் போர்டு இல்லாத சந்து அபூர்வம். சிங்கப்பூர் ஆட்டம் தொடங்கிய அதே நவம்பர் மாதம், அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் வடசென்னைப் பொண்ணு காசிமா மூன்று தங்கம் வாங்கினார். ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவர் ஆடிய ஒரு ஆட்டத்தையாவது அந்த டீக்கடையில் யாரும் பார்த்தோமா? நானும் பார்க்கவில்லை. ஜெயித்த பிறகு செய்தியில் படித்து, 'அட, நம்ம ஏரியா' என்றோம். ஆகவே 'நம்ம' என்பது பக்கத்தில் இருப்பதால் வருவதில்லை. எதைப் பார்க்க வைக்கிறார்களோ அது நம்முடையதாகிறது.

அன்று கடையில் கத்தியவர்களில் ஒருத்தர் பீகார். கன்டெய்னர் யார்டில் லோடு வேலை. அவருக்கு ஜெயித்தது இந்தியா. என் முதுகில் அறைந்தவருக்கு ஜெயித்தது தமிழன். கடைக்காரருக்கு ஜெயித்தது மெட்ராஸ். ஒரே கறுப்பு யானைக்கு மூன்று சொந்தக்காரர்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மற்ற நாட்களில் அந்த பீகார்காரரிடம் இரண்டு வார்த்தை பேசாதவர்கள் அன்று அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். 'நம்ம' என்கிற உணர்ச்சி வெறும் பொய்யாக இருந்தால் அந்த டீ வந்திருக்காது. எனவே அதைத் தூக்கி எறியச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் அந்த உணர்ச்சிக்கு ஒரு கடன் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2013இல் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். இதே சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் மோதினார்கள். ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் தாக்குதலில் இருந்தார். கார்ல்சனின் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணி ஆனது. மந்திரியால் தடுத்திருந்தால் ஆட்டம் நீடித்திருக்கும். ஆனந்த் குதிரையை எஃப்1-க்கு நகர்த்தினார். அடுத்த நகர்த்தலிலேயே தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அன்றைக்கு நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரும் சிரிக்கக் கூடாது. இந்த ஒரு குதிரையை வைத்து அவரை அளக்கக் கூடாது.

குகேஷுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாட். முதல் எட்டு ஆட்டங்களையும் ஜெயித்தவர், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை ஒரு குதிரையைக் கோட்டைவிட்டுத் தோற்றார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. அவர் இருந்த இந்திய 'பி' அணிக்கு வெண்கலம். அந்த இரவு உலகம் அந்தப் பையனை எப்படிப் பார்க்க வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டோமோ, அந்தப் பார்வையை டிங்குக்கும் கொடுக்க வேண்டாமா? நம் ஆளுக்காகக் கேட்டு வாங்கும் இரக்கத்தை எதிராளி கேட்கும்போது இல்லை என்றால் அது இரக்கமா, சலுகையா?

இரண்டு பேருமே 'நம்ம' ஆளாக இருந்தால் என்ன ஆகும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது. 2025 பிப்ரவரி 2, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ. கடைசிச் சுற்றில் குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடமும் பிரக்ஞானந்தா கெய்மரிடமும் தோற்று, இருவரும் 8.5 புள்ளியில் நின்றார்கள். டைபிரேக். முதல் பிளிட்ஸ் குகேஷுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு. மூன்றாவதில் குகேஷ் தடுமாற, கோப்பை பிரக்ஞானந்தாவுக்கு. அதே கடை, அதே பாட்டில், அதே போன். பட்டை சாய்ந்தபோது கை தட்டல் கேட்டது. கூடவே "ஐயய்யோ" என்றும் கேட்டது. பல பேருக்கு இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தது. ஒரு வெற்றியைப் பார்க்கும்போது இரண்டையும் சொல்ல மனிதனால் முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. முடியும் என்றால், சிங்கப்பூரில் ஏன் சொல்லவில்லை?

டிசம்பர் இரவுக்குத் திரும்புகிறேன். வீட்டுக்கு வந்து நைனாவிடம் போனைக் காட்டினேன். தப்பு செய்தவனைப் பார்த்துக் கை தட்டினார்கள் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவர் என்னை ஆமோதிப்பார் என்று நினைத்திருந்தேன்.

"சந்தோசப்பட்டதுல இன்னாடா தப்பு? அன்னிக்கு அவன் எடத்துல நான் இருந்தாலும் ஸ்வீட்டு வாங்கியிருப்பேன். ரோட்ல என்னப் பார்த்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினு போனான் பாரு, அத்தான் தாங்கல."

நான் இத்தனை வருஷமாக அந்த ஸ்வீட்டின்மேல்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

காணொளி ஓடியது. டிங் கை கொடுத்துவிட்டுப் போகிறார். குகேஷ் அழுகிறார். பதினெட்டு வயது, உலகத்திலேயே இளம் சாம்பியன். ஆனால் உடனே எழுந்து ஓடவில்லை. அழுதுகொண்டே உட்கார்ந்து, காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் கட்டத்தில் அடுக்குகிறார். வெள்ளையையும் சேர்த்து. பிறகு பத்திரிகையாளர்களிடம் தன்னைப் பற்றிப் பேசுவதற்கு முன் டிங்கைப் பற்றிப் பேசினார். அவர்தான் உண்மையான சாம்பியனைப் போலப் போராடினார் என்றார். கை தட்டிய நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத மனிதரை, ஜெயித்தவர் திரும்பிப் பார்த்தார்.

நைனா காய் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு செஸ் தெரியாது. பிறகு கேட்டார்:

"தோத்தவரு எங்கடா போனாரு?"

படத்தில் அவர் இல்லை. கேமரா முழுக்க குகேஷ்தான். தேடினேன். டிங்கின் செய்தியாளர் சந்திப்பு கிடைத்தது. தனக்கு வருத்தம் இல்லை என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். நைனாவுக்கு இங்கிலீஷ் புரியாது. "இன்னா சொல்றாரு?" என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டு, முடியும்வரை பார்த்தார்.