ஓங்கு பண்பும் ஒடுங்கு பண்பும்

பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மரபியல் பாடத்தைத் திறக்கும் மாணவர் தொடக்கத்திலேயே இரு சொற்களைச் சந்திக்கின்றனர்: ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. இலக்கணத்தை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் உறுதி. ஆனால் தமிழில் ஓங்குதல் என்றால் உயர்தல். ஒடுங்குதல் என்றால் அடங்குதல், சுருங்குதல். ‘ஒடுக்கப்பட்டோர்’ என்னும் சொல் நாள்தோறும் காதில் விழும் நாட்டில், ஒரு சிறுவன் இவற்றை எவ்வித உணர்வுமின்றிக் கேட்க முடியுமா? இலங்கைத் தமிழ் நூல்கள் ‘ஆட்சி’ என்றும் ‘பின்னிடைவு’ என்றும் கூறும்; அங்கும் அதே ஏற்றத்தாழ்வுதான். வகுப்பறையில் கற்ற சொல், வெளியே வந்து மனிதரை அளக்கும் கோலாகிவிடலாமா என்பதே நம் கேள்வி.

இச்சொற்களுக்கு மரபியலில் நிலையான இடம் தந்தவர் ஒரு துறவி. புனித அகுஸ்தீன் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகரில், புனித தோமையார் மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தபோது பிறந்தவை யாவும் நெட்டையாயின. குட்டை எங்கே போயிற்று? கலப்புச் செடிகளைத் தற்கலப்புச் செய்து பார்த்தார். அடுத்த தலைமுறையில் 787 நெட்டைகளுக்கிடையே 277 குட்டைகள் தலைகாட்டின. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. மறைந்த பண்பு அழியவுமில்லை, நீர்த்துப் போகவுமில்லை. இவ்வாறு பின்வாங்கிப் பின்னர் மாறாமல் திரும்புவதால்தான் அப்பெயரை இட்டதாக மெண்டலே விளக்கியிருக்கிறார். உயர்வு தாழ்வு பற்றிய பேச்சே அதில் இல்லை. (1866-இல் அச்சேறிய அக்கட்டுரையை 1900 வரை உலகம் பொருட்படுத்தவில்லை. மடாதிபதியான மெண்டலோ, அரசோடு வரி வழக்காடியே முதுமையைக் கழித்தார்!)

ஓங்கிய பண்பு நல்ல பண்பு என்பது பிழை. மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோய் ஓங்கு பண்பாகவே வருகிறது. பெரும்பாலோரிடம் காணப்படுவது என்பதும் பிழை. ‘ஓ’ வகைக் குருதி, ‘ஏ’, ‘பி’ இரண்டுக்கும் முன் ஒடுங்குவது. ஆயினும் தமிழகத்தில் மிகுதியாக இருப்பது அதுவே. விபத்து நேரத்தில் மருத்துவமனைகள் முதலில் தேடுவதும் ‘ஓ’ நெகட்டிவ் குருதியையே. நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952-இல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் பண்பை எண்ணுவோம். பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய சோகை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவுக்கு எதிரே ஓரளவு காப்பு. இதை நன்மை என்போமா, தீமை என்போமா?

இருப்பினும் உலகம் அவ்வாறு நிதானமாக எண்ணவில்லை. 1883-இல் பிரான்சிஸ் கால்டன் ‘இனமேம்பாடு’ என்னும் கருத்துக்கு ஒரு பெயர் சூட்டினார். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் ஒன்றை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 1933-இல் ஜெர்மனி இயற்றிய சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் கருத்தடை செய்யப்பட்டனர். இவ்விரண்டுக்கும் இடையே, 1930 டிசம்பரில், திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் ‘காஸ்தி கொனூபியி’ என்னும் சுற்றுமடலில், குற்றம் புரியாதோரின் உடல்மீது அரசுக்கு நேரடி அதிகாரம் இல்லை என்று உரைத்தார். நோயுள்ள மக்களைப் பெறக்கூடும் என அஞ்சப்படுவோருக்கு அறிவுரை கூறலாம். திருமணம் செய்துகொள்வதாலேயே அவர்களைக் குற்றவாளிகளாக்கலாகாது என்ற வேறுபாட்டையும் அவர் காட்டினார்.

அந்த வேறுபாடு நம் பங்குகளுக்கு இன்றும் தேவைப்படுகிறது. ஓலை வாசிக்கும் முன்பே நம் வீடுகளில் எத்தனை விசாரணைகள்! அண்ணன் மனவளர்ச்சி குன்றியவன் என்பதற்காகத் தங்கையை வேண்டாம் என்கிறார்கள். முன்பு ‘வம்சம் சரியில்லை’ என்றவர்கள் இன்று ‘ஜீன் சரியில்லை’ என்கிறார்கள். சொல்தான் மாறியிருக்கிறது. அந்த அண்ணனின் குறை மரபுவழி வந்ததா, பிறப்பின்போது மூச்சுத்திணறியதால் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

விசாரிப்பதே பாவம் என்று நாம் சொல்லவில்லை. தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும், அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் மணம் முடிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. நெருங்கிய உறவில் மறைந்திருக்கும் ஒரே குறை இருபுறமிருந்தும் வந்து கூடும் வாய்ப்பு மிகுதி. திருச்சபைச் சட்டம் இத்தகைய உறவைத் திருமணத் தடையாக வைத்திருப்பது, அறிவியலின் அறிவுரையோடும் ஒத்துப்போகிறது. ஆனால், ‘இந்நோய் பிள்ளைகளுக்கு வருமா?’ என்பது மருத்துவரிடம் கேட்கும் கேள்வி. ‘அவர்கள் எப்படிப்பட்ட குடும்பம்?’ என்பது வேறு வகைக் கேள்வி. முன்னதற்குக் குருதிப் பரிசோதனையாவது விடை தரும். பின்னதற்கு ஆய்வுக்கூடத்தில் விடை இல்லை. மேலும், ஏறத்தாழ நம் எல்லோரிடமும் வெளித்தெரியாத குறையுள்ள மரபணுக்கள் சில இருக்கின்றன. விசாரிக்கப் போகிறவரும் அவற்றைச் சுமந்துகொண்டேதான் படியேறுகிறார்.

ஈசாயின் மக்களுள் தாவீதைத் தேர்ந்த நிகழ்ச்சியை இங்கு எடுத்துக்காட்டுவோர் உண்டு: மனிதர் புறத்தோற்றத்தைப் பார்க்க, ஆண்டவர் அகத்தைப் பார்க்கிறார் என்று. ஆயினும், ஆண்டவர் பார்த்த அகத்தை மரபியலின் ஜீனாக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜீனாக்கமும் உடலைச் சேர்ந்ததே.

பாடநூலில் சொல்லை மாற்றலாமா? ‘வெளிப்படு பண்பு’, ‘மறை பண்பு’ என்றால் மெண்டலின் கருத்துக்கு நெருக்கமாகத்தான் இருக்கும். ஆனால் பல தலைமுறை ஆசிரியர் பழகிய சொல்லை எளிதில் பெயர்க்க இயலாது. நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் இப்பாடத்தை நடத்துவோர், குட்டைச் செடி ஏன் அப்பெயர் பெற்றது என்று மெண்டல் சொன்ன காரணத்தையும் ‘ஓ’ வகைக் குருதியின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.