சாய்ந்த வெயில்

பாஸ்டன் நகரத்தில் ஜனவரி மாத நண்பகல். வானத்தில் மேகமே இல்லை. தெருவோரப் பனியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கிறது. அந்த வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாலும் நம் தோலில் வைட்டமின் டி உருவாகாது. ஆன் வெப், மைக்கேல் ஹோலிக் முதலியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு இதை நிறுவியது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாஸ்டன் வெயிலுக்கு அந்த ஆற்றல் இல்லை. அதற்கும் வடக்கே, கனடாவின் எட்மன்டனில், அந்த வறட்சி அக்டோபரிலேயே தொடங்கி மார்ச் வரை நீள்கிறது.

கதிரவன் அங்கே கஞ்சனாகிவிடவில்லை. தாழ்ந்து சாய்ந்து வரும் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடக்க வேண்டியிருக்கிறது. தோலுக்குத் தேவையான புற ஊதா பி கதிர்களை வழியிலேயே ஓசோன் உறிஞ்சிக்கொள்கிறது. நம் நிழல் நம்மைவிட நீண்டு கிடக்கும் பொழுதுகளில் நமக்குக் கிடைப்பது சொற்பமே. ஆனால் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. வெளிச்சம் இருக்கிறது, ஆகவே எல்லாம் இருக்கிறது என்று அது சான்று சொல்கிறது. வாழ்வில் நாம் எத்தனை நிறைவுகளை இப்படிக் கண்ணின் சாட்சியை மட்டும் நம்பி ஏற்றுக்கொள்கிறோம்! வைட்டமின் டி இன்றி உறுதி பெறாத எலும்போ அந்தச் சாட்சியை ஏற்பதில்லை.

வளையும் கால்களோடு வளர்ந்த ஐரோப்பிய நகரத்துக் குழந்தைகள் இந்த உண்மைக்கு நெடுங்காலம் விலை கொடுத்தார்கள். வார்சா நகரக் குழந்தைகளைத் தாக்கும், காலை வளைக்கும் இந்த எலும்பு நோய் கிராமத்துக் குழந்தைகளிடம் அவ்வளவாக இல்லை என்பதைப் போலந்து மருத்துவர் யென்ஜெய் ஸ்னியாதெட்ஸ்கி 1822இலேயே கண்டு, வெயிலே மருந்து என்று எழுதினார். அதைக் கேட்க உலகத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு தேவைப்பட்டது. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி பாதரச விளக்கின் ஒளியில் நோயுற்ற குழந்தைகளின் எலும்புகளைத் தேற்றிக் காட்டிய பிறகே நம்பிக்கை பிறந்தது. அந்த நூறாண்டில் வளைந்த கால்களை எண்ணிப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

எண்பதுகளில் ஈழத்தமிழர் பலர் நார்வேயின் வடகோடியில் உள்ள ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். குளிர்காலத்தில் ஏறத்தாழ இரண்டு மாதம் சூரியன் உதிக்காத நிலம் அது. யாழ்ப்பாணத்தின் உச்சிவெயிலில் அரணாக இருந்த தோலின் கருமை, அங்கே கோடையில் கிடைக்கும் சிறிதளவு கதிரையும் வடிகட்டிவிடுகிறது. தோல் மாறவில்லை, வானம் மாறிவிட்டது. வரமாக இருந்ததே குறையாகத் தோன்றுகிறது. ஊரிலேயே இருப்பவர்கள் தப்பிவிட்டோம் என்று எண்ணுவதற்கும் இல்லை. சன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும் என்பதால், காலை முதல் மாலை வரை அலுவலகத்துக்குள் இருப்பவர், இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர், படுக்கையை விட்டு எழ முடியாத முதியவர் எல்லோரும் சென்னையின் நடுவிலேயே ஒரு வடதுருவத்தில் வாழ்கிறார்கள்.

உடல் தோலோடு முடிந்துவிடுகிறது, நலமும் நோயும் அதற்குள்ளேயே பிறக்கின்றன, ஆகவே அவரவர் நலத்துக்கு அவரவரே பொறுப்பு என்று எளிதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோமே, அந்தத் தீர்ப்பையே இந்தச் சாய்ந்த வெயில் கேள்விக்கு உட்படுத்துகிறது; நம் எலும்பின் உறுதி பூமி தன் அச்சில் சாய்ந்திருக்கும் கோணத்தையும், நாம் பிறந்த நிலத்தையும், பிழைப்புக்காகவோ உயிருக்கு அஞ்சியோ நாம் சென்றடைந்த நிலத்தையும், நம் உழைப்பு நம்மை எந்தக் கூரையின் கீழ் நிறுத்துகிறது என்பதையும் பொறுத்திருக்குமானால், உடல் என்பது நாம் தனியே உடைமை கொண்ட பொருளாக இல்லாமல், வானத்தோடும் மண்ணோடும் சக மனிதரோடும் ஓயாமல் நடக்கும் ஒரு கொடுக்கல் வாங்கலாகவே இருக்கிறது.

அப்படியானால் வானம் தராததை மனிதர் தர வேண்டியிருக்கிறது. வடநாட்டுத் தாய்மார் பிள்ளைகளுக்கு ஊட்டிய மீன் எண்ணெய் அவ்வகையான ஈடுதான். பின்லாந்து 2003 முதல் பாலில் வைட்டமின் டி சேர்த்து வருகிறது. 2010இல் அந்த அளவை இரட்டிப்பாக்கப் பரிந்துரைத்தது. ஆனாலும் பால் குடிக்காதவரை அந்த ஏற்பாடு எட்டுவதில்லை. தென்திசையிலிருந்து கறுத்த தோலோடு அங்கே குடியேறியவருக்கு அதே அளவு போதாமலும் போகலாம்.